தொழில்நுட்பச் சங்கத்தின் கோரிக்கையை அரசிடம் கொண்டுசெல்லும் முறை: குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் பத்து இருபது பேருடன் இயங்கும் மென்பொருள் நிறுவனங்கள் தனித்தனியே மனுக் கொடுத்தால், அவை தனிநபர் குறைகளாகவே பதிவாகின்றன. ஆகவே முதலில் சங்கமாகுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். அரசிடம் பேசுபவர் யார், எதற்கெல்லாம் அவர் செயற்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதைத் துணைவிதிகளிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, கேட்பதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். பெரும்பாலான மனுக்கள் வழிதவறுவது இங்கேதான். இணைய வடம் பதிக்க மாநகராட்சிச் சாலையைத் தோண்டும் அனுமதி மாநகராட்சி ஆணையரிடமும், மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளது. தொழில் மானியம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியே வரும். தகவல் தொழில்நுட்பப் பூங்காவோ சென்னையில் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை எடுக்க வேண்டிய முடிவு. மாவட்ட ஆட்சியர் பரிந்துரைக்கலாமே தவிர ஆணையிட முடியாது. இவை அனைத்தையும் ஒரே மனுவில் அடுக்கி ஆட்சியரிடம் கொடுத்தால், அது பல துறைகளுக்குப் பிரிந்து சென்று எங்கும் முழுமையாகப் படிக்கப்படாமல் போகும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கையே போதும்.

நம் பிள்ளைகள் வேலை தேடித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போகிறார்கள் என்ற ஆதங்கம் உண்மையானது. எனக்கும் அது உண்டு. ஆனால் கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலருக்கு அந்த வருத்தம் பயன்படாது, எண்கள்தான் பயன்படும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரமின்றித் தவித்ததை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு மின்தடையின்போதும் எத்தனை மணிநேரப் பணி நின்றது, எத்தனை லிட்டர் டீசல் செலவானது என்று உறுப்பினர்கள் பதிவேடு வைத்திருந்தால்தான் மின்வாரியத்திடம் புதைவடம் கேட்கும் மனுவுக்கு வலு இருக்கும்.

ஒரு விதியை அடியோடு நீக்கக் கேட்பதைவிட, நிறைவேற்றக்கூடிய மாற்று ஒன்றை முன்வைப்பது பலன் தரும். இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நெறிமுறைகளை ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்டது. அவகாசம் கோரி வேண்டுகோள்கள் சென்றதை அடுத்து, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை காலம் நீட்டிக்கப்பட்டது.

மனுவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘பார்வை’ என்ற இடத்தில் தொடர்புடைய அரசாணையின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, புள்ளிவிவரங்களை இணைப்பில் வையுங்கள். திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகையைப் பெறாமல் திரும்பாதீர்கள். பதில் கடிதத்தில் உள்ள ந.க. எண்ணை, அதாவது கோப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்பைக் கையாளும் பிரிவின் கண்காணிப்பாளரைச் சந்தித்து விளக்குங்கள். அதிகாரியின் மேசைக்குச் செல்லும் குறிப்பு அந்தப் பிரிவில்தான் உருவாகிறது. மாதங்கள் கடந்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்துடன் கோப்பின் நிலையைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முதல் வாரத்திலேயே இதைக் கையில் எடுத்தால் பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடும்.

சந்திப்புக்கு எப்போதும் இருவராகச் செல்லுங்கள். பேசியதை அன்றே கடிதமாக எழுதி அனுப்புங்கள். அன்பளிப்பு எதுவும் வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் ஏழாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம்.

மாநில நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டிய கோரிக்கையை அக்டோபர், நவம்பரிலேயே துறைக்கு அனுப்பிவிடுங்கள். ஆணை கிடைத்துவிட்டால், எத்தனை உறுப்பினர்கள் அதனால் பயனடைந்தார்கள் என்பதை ஆறு மாதம் கழித்து அதே அலுவலகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.