ஒட்டிய டியூப் மறுபடி பஞ்சர் ஆனால்

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். பின்சக்கரம் அடிக்கடி பஞ்சர் ஆனது. கடையில் ஒட்டுப் போட்டாலும் மறுபடி காற்று இறங்கியது. டியூபை மாற்றியும் தீரவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று கழற்றினேன். கழற்றும் முன் வால்வு இருந்த இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். இதுதான் முக்கியமான வேலை. டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி ஓட்டையைக் காட்டும். குறியும் வால்வும் நேராக வரும்படி டியூபை டயர்மேல் வைத்ததும், டயரில் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிட்டது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. டயரின் உள்பக்கம் பஞ்சைத் தேய்த்தபோது இழை சிக்கியது: மயிரளவு இரும்புக் கம்பி! லாரிகளின் ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிகள் உண்டு. டயர் வெடித்தால் அவை சிதறிச் சாலையோரம் சேரும். நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தானே.

குறடால் பிடுங்கினேன். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் (பஞ்சர் பசை) தடவி, அது காய்ந்த பிறகே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினேன். அப்புறம் அந்த இடத்தில் காற்று இறங்கவில்லை.

ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் டயரில் தேட வேண்டாம். ரிம்முக்குள் ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி, முனை குத்துகிறதா என்று பாருங்கள்.