கிறிஸ்துமஸ் மரத்துக்கு மெக்சிகோ தகர இதயம், வீட்டுலயே செய்யறது எப்படி

மெக்சிகோவுல ஓஹாகா பக்கம் மெல்லிசு தகரத்தை வெட்டி, அழுத்தி டிசைன் எடுத்து, பளபளன்னு கலர் போட்டு மாட்டுவாங்க, ஓஹலாத்தான்னு பேரு. அதுல எனக்கு உசுரு இதயம்தான், மேல தீ எரியும், சுத்தி முள்முடி, அதாவது இயேசுவோட திரு இருதயம். அங்க வேண்டுதலுக்கு கண்ணு, கை, கால்னு குட்டி உலோக உருவம் கோயில்ல வைப்பாங்க, மிலாக்ரோன்னு சொல்றது, அற்புதம்னு அர்த்தம். வேளாங்கண்ணியில வெள்ளி உருவம் காணிக்கை வைக்கிறோமே, அதேதான். போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், இதயத்துக்குப் பக்கத்துல ஒரு காலும் செஞ்சு மரத்துல மாட்டினேன்.

0.1 மி.மீ. அலுமினிய ஷீட் வாங்குங்க. சமையல் ஃபாயில் கிழிஞ்சிடும். கூல்டிரிங்க்ஸ் கேன் வெட்டியும் செய்யலாம், ஆனா அது விறைப்பா இருக்கும், டிசைன் ஆழமா விழாது. எம்பாசிங் டூல் செட்டெல்லாம் வேணாம், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும், நான் இன்னிக்கும் அதைத்தான் வச்சிருக்கேன்.

பேப்பர்ல இதயம் வரைஞ்சு ஷீட் மேல டேப் போட்டு ஒட்டி, அடியில மவுஸ்பேட் வச்சு கோடு மேலயே அழுத்தி இழுங்க. பேப்பரை எடுத்துட்டு ஷீட்டைத் திருப்பி, இதயத்தோட உள்பக்கத்தை ஸ்பூன் காம்பால மெதுவா தேச்சா முன்பக்கம் உப்பி வரும்.

இங்கதான் நான் நாலு ஷீட் வீணாக்கினேன். உப்ப வச்சதும் ஓரமெல்லாம் மழுங்கி, இதயமா மாங்காயான்னே தெரியல. மவுஸ்பேட்லயே திரும்பத் திரும்ப அழுத்தினேன், இன்னும் மோசமாச்சு. விஷயம் என்னன்னா உப்ப வைக்கிறதுக்குத்தான் மெத்துன்னு இருக்கணும், அப்புறம் முன்பக்கம் திருப்பி டைல்ஸ் மாதிரி கெட்டியான தளத்துல வச்சு, உப்பின இடத்துக்கு வெளியில ஒட்டினாப்ல ஒரு கோடு இழுக்கணும். அந்த ஒரு கோட்டுலயே இதயம் தனியா எழும்பி நிக்கும். தீ, முள் எல்லாத்துக்கும் இதே மாதிரி பண்ணுங்க.

வெட்டறது கடைசியிலதான், முதல்லயே வெட்டினா சுருண்டுக்கும். 3 மி.மீ. ஓரம் விட்டு வெட்டி, ஊசியால ஓட்டை போட்டு சிவப்பு நூல் கோத்துடுங்க.

கலருக்கு கிளாஸ் பெயின்ட்தான் என் சாய்ஸ், உலோகத்தோட மினுமினுப்பு உள்ள தெரியும், போஸ்டர் கலர் அதை மூடிடும், உரிஞ்சும் வரும்.

பிறகு சேர்த்தது: கிளாஸ் பெயின்ட்டும் உரியுதுன்னு ரெண்டு பேர் கமென்ட்ல எழுதியிருந்தாங்க. விரல் எண்ணெய் படிஞ்சிருக்கும், பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டால துடைச்சிடுங்க. எழுத்து இடம்வலமா மாறி வருதுன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தாங்க, பின்பக்கம் இருந்து அழுத்தினா கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பித்தான் எழுதணும். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடுன்னா வெட்டின ஓரத்தை ஸ்பூனால மடிச்சு அழுத்திட்டு மாட்டுங்க, அலுமினியம் பிளேடு மாதிரி கையைக் கிழிச்சிடும்.