பெங்களூரில் தமிழ்ச் சபைகள் கூடி ஜெபிக்க

சிவாஜிநகர், அல்சூர் பக்கம் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் அக்கம்பக்கம்தான். ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் ஒரு மாலை கூடுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

நற்கருணை வேண்டாம். மற்ற சபையாரோடு அதைப் பகிர்வதைக் கத்தோலிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிக்காது, அங்கேயே மனக்கசப்பு வரும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அச்சடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் கத்தோலிக்கர் நிறுத்திய இடத்தில் மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வார்கள், வந்தவர் கூசி நிற்பார். வாசிப்புக்கு 1 கொரிந்தியர் 1:10-13 வையுங்கள். "நான் பவுலைச் சேர்ந்தவன்" என்ற பெருமையைப் பவுலே கண்டிக்கும் பகுதி அது. பிரசங்கம் 15 நிமிடம், விருந்தாக வந்த போதகரே பேசட்டும். ஞானஸ்நான முறை, மாதா வணக்கம் இரண்டையும் தொட வேண்டாமென்று அவரிடம் முன்பே தயங்காமல் சொல்லிவிடுங்கள். காணிக்கை எந்தச் சபைக்கும் போகாமல் பௌரிங் மருத்துவமனை ஏழை நோயாளிகளுக்குப் போகட்டும்.