மூன்று நாள் சைக்கிள் ரேஸில் ஐந்து பேர் ஒரு ரீமாக ஓடுவது எப்படி

முதல் தரம் ரீமாகப் போகிற பெடியள் ஒரே நிற ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ஐந்து தனி ரேஸ் ஓடுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். எங்கள் ஆள் ஒருவன் கூட்டத்தை உடைத்துக்கொண்டு முன்னால் போய் ஒரு நிமிட இடைவெளி எடுத்திருந்தான். பின்னால் மூச்சுவாங்கத் துரத்துவது யார் என்று பார்த்தால் அதுவும் எங்கள் ஆட்கள்தான், இரண்டு பேர். பிடித்தும் விட்டார்கள். அன்றிரவு சாப்பாட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை.

அதனால் ஐந்து பேரில் யாரை வெல்லவைக்க மற்ற நாலு பேரும் ஓடுகிறோம், அதாவது யார் தலைவன் என்பதைத் தொடங்குவதற்கு முதல்நாளே முடிவெடுங்கள். கடைசி நூறு மீற்றரில் பறக்கிறவன்தான் தலைவன் என்றில்லை. முதல் நாள் உழக்கிய மாதிரியே மூன்றாம் நாளும் உழக்கக்கூடியவன் யாரோ அவனைப் போடுங்கள். மூன்று நாள் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றி. ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தால் எல்லாருக்கும் ஒரே நேரம். பெரிய ரேஸ்களில் முடிவிடத்தில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 செக்கன் கழிப்பார்கள், உங்கள் ரேஸில் அது உண்டா என்று விதித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். செக்கன்தானே என்று விடவேண்டாம், 1989 டூர் டி பிரான்ஸில் 3,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி முடித்த பிறகு கிரெக் லெமொண்ட் வென்றது வெறும் 8 செக்கனால்.

பரிசுக்காசை எப்படிப் பிரிப்பது என்பதையும் அன்றிரவே கதைத்துவிடுங்கள், ஐந்தாகப் பிரிப்பதுதான் சண்டை இல்லாத வழி.

சரி, இனிக் காற்று. மலை உள்ள ஊர்களில் ஏற்றத்தில் ஆளை ஆள் கழற்றிவிடுவார்கள். இலங்கையின் வடக்கே இந்த வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? இங்கே கூட்டத்தை உடைக்கிறது காற்றுத்தான், வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகம். உதாரணத்துக்கு முதல் நாள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி, இரண்டாம் நாள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு, மூன்றாம் நாள் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ9 வீதியில் வடக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். கூட்டம் வேகமாகப் போகும், பெரிதாக ஒன்றும் நடக்காது. தலைவனை முதல் பத்துப் பதினைந்து பேருக்குள் வைத்திருங்கள், மாடுகளைப் பாருங்கள், அவ்வளவுதான். முறிகண்டியில் தேங்காய் உடைக்கிற இடத்தில் சிரட்டைத் துண்டு கிடக்கும், பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள் கண்ணை றோட்டில் வைத்துக்கொண்டு கும்பிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் ரேஸ். பரந்தன் சந்தியில் திரும்பி முரசுமோட்டை வயல்வெளிக்கு வந்தவுடனே சோளகம் வலது பக்கத்தால் அடிக்கும். இப்போது ஒருவனுக்கு நேர் பின்னால் நின்றால் காற்றுக்கு மறைப்புக் கிடைக்காது. அவனுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால், உங்கள் முன் சில்லு அவனுடைய பின் சில்லுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி நிற்க வேண்டும். அப்படி ஐந்து பேரும் சரிவாக, வலது முன்னாலிருந்து இடது பின்னுக்கு, ஒரு விசிறி மாதிரி விரிந்தால் ஒரு பக்க றோட்டு நிரம்பிவிடும். ஆறாவது ஆளுக்கு ஒதுங்க இடமில்லை, அவன் தார் விளிம்பில் காற்றைத் தனியாகத் தின்று கொண்டு வருவான், ஐந்து நிமிடத்தில் கழன்றும் போவான். உங்கள் ரீம் செய்ய வேண்டியது இதை மற்றவர்கள் யோசிக்க முதல் செய்வதுதான், வயல்வெளி தொடங்க ஒரு கிலோமீற்றருக்கு முன்னமே ஐந்து பேரும் முன்னுக்கு வந்துவிடுங்கள். வாகனம் ஓடுகிற றோட்டென்றால் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பின் சில்லோடு முன் சில்லு உரசினால் விழுகிறது பின்னால் நிற்கிறவன்தான், ஆகவே முன்னால் நிற்கிறவன் திடீரென்று இடப்பக்கம் வெட்டக்கூடாது.

முன்னால் நிற்கிறவனுக்கு அரை நிமிடம் போதும். பிறகு காற்று வருகிற பக்கமாக, அதாவது வலப்பக்கமாக ஒதுங்கி மெல்லப் பின்னுக்கு வரவேண்டும். அடுத்தவன் முன்னுக்கு வந்தவுடன் வேகத்தைக் கூட்டுவதுதான் வழமையான கூத்து. தன்னைக் காட்டுகிறான்! அதனால் கழன்று போவது எதிரி இல்லை, இப்போதுதான் இழுத்துவிட்டுக் களைத்துப் பின்னுக்கு வந்த உங்கள் ஆள்.

புதுக்குடியிருப்பு தாண்டியதும் வட்டுவாகல் பாலத்தை நினைவில் வையுங்கள். ஒடுக்கமான பாலம், நந்திக்கடல் பக்கத்தால் காற்றும் வரும். அதற்குள் முன்னால் நுழைகிறவனுக்குத்தான் முல்லைத்தீவில் இடம்.

சில்லில் காற்றுப் போனால் என்ன செய்வது என்பதும் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தலைவனுடைய உயரத்துக்குக் கிட்டிய ஒருவன் எப்போதும் அவனுக்குப் பக்கத்தில் ஓடட்டும், ரியூப் வெடித்தால் சில்லைக் கழற்றிக் கொடுப்பது அவன் வேலை. 1934 டூரில் 20 வயது ரெனே வியெட்டோ தன் சில்லைத் தலைவர் அந்தோனின் மாஞ்சுக்குக் கொடுத்துவிட்டு மதிலில் குந்தியிருந்து அழுதான். மாஞ் அந்த டூரை வென்றார். உங்கள் ஆளும் அழலாம், ஆனால் கொடுத்த பிறகு. மற்ற இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துத் தலைவனைத் திரும்பக் கூட்டிவந்து சேர்க்க வேண்டும், ஒருவன் மட்டும் கூட்டத்தோடேயே நிற்கட்டும். தண்ணீரில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மடியில் வாழைப்பழமும் எள்ளுப்பாகும் இருந்தால் கடையில் விற்கிற ஜெல் தேவையே இல்லை.

மூன்றாம் நாள் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம், முகத்துக்கு நேரே காற்று. தனியாக ஓடுகிறவன் தாங்கமாட்டான், ஆகவே எவன் பாய்ந்தாலும் துரத்த வேண்டாம். மொத்த நேரத்தில் உங்கள் தலைவனுக்குக் கிட்ட நிற்கிற மூன்று பேருடைய இலக்கத்தையும் நேர வித்தியாசத்தையும் ஒரு பிளாஸ்டரில் எழுதி ஹாண்டிலில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த மூன்று இலக்கத்தில் ஒன்று முன்னால் போனால் மட்டும் எழும்புங்கள். உங்கள் ஆள் ஒருவனும் அந்த ஓட்டத்தில் ஒட்டிப் போயிருந்தால், அவன் அங்கே முன்னுக்கு வந்து காற்றை வாங்கி இழுக்கக்கூடாது, சும்மா பின்னால் இருந்து வரட்டும். எதிராளி திரும்பிப் பார்த்துத் திட்டுவான். திட்டட்டும், தண்ணியைக் குடித்துவிட்டு அதே சில்லுக்குப் பின்னாலேயே இருங்கள்.