500 மீட்டர் பஃபர் போடும்போது சறுக்கும் இடங்கள்

நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு சொன்னது நினைவிருக்கும். தமிழ்நாடு அரசும் வழக்கறிஞர் கே. பாலுவும் எதிரெதிராக நின்ற வழக்கு அது. தேசிய, மாநில நெடுஞ்சாலையின் வெளி ஓரத்திலிருந்தோ, அதை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டின் வெளி ஓரத்திலிருந்தோ 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. 2017 மார்ச் 31 அன்று ஒரு திருத்தம் வந்தது: மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் 220 மீட்டர் போதும். அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை இல்லை என்ற விளக்கமும் வந்தது.

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இந்தத் தீர்ப்பின்படி ஒரு மாவட்டத்துக்கு பஃபர் போடுங்கள், அதாவது சாலையைச் சுற்றி அந்தத் தூரம் வரையுள்ள பரப்பை வரையுங்கள் என்றால், ஐந்து நிமிட வேலை என்றுதான் உட்காருவார்கள். பஃபர் டூலும் எதைக் கொடுத்தாலும் ஒரு வடிவத்தை வரைந்து கொடுத்துவிடும். அந்த வடிவம் சரியா என்று அதற்குத் தெரியாது.

முதல் சறுக்கல், டிகிரி. இணையத்திலிருந்து இறக்கும் லேயர்கள் (சாலை, எல்லை போன்ற தரவு அடுக்குகள்) பெரும்பாலும் இபிஎஸ்ஜி 4326 என்ற எண்ணுள்ள ஆயத்தொலை அமைப்பில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கில் இருக்கும். அதில் 500 என்று அடித்தால் 500 டிகிரி. ஒரு டிகிரியே கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். நான் முதல்முறை இப்படிச் செய்தபோது திரை முழுக்க ஒரே ரோஸ் நிறம். ஃபைல்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூன்று தடவை திரும்ப இறக்கினேன். இப்போது க்யூஜிஐஎஸ் மென்பொருள் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைக் குறியைக் காட்டுகிறது. சரி, இந்தத் தப்பாவது கண்ணுக்குத் தெரியும். இதைச் சரிசெய்யப் போய்ச் செய்கிற தப்புகள்தான் தெரியாது.

சிலர் 500 மீட்டரை டிகிரியாக மாற்றி 0.0045 என்று கொடுப்பார்கள். சென்னையில் அது வடக்கு தெற்காக 498 மீட்டர், கிழக்கு மேற்காக 488 மீட்டர். வட்டம் முட்டை ஆகிவிடும். சிலர் புராஜெக்டின் ஆயத்தொலை அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு, திரையின் கீழே மீட்டர் காட்டுகிறதே என்று நம்புவார்கள். டூல் பார்ப்பது லேயருடையதை, புராஜெக்டுடையதை அல்ல. இன்னும் சிலர் லேயரை மறுபுரொஜெக்‌ஷன் செய்யாமல், அதாவது ஆயத்தொலை எண்களை மாற்றிக் கணக்கிடாமல், அதன் பெயர்ப்பலகையை மட்டும் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் அமைப்பு) என்று மாற்றிவிடுவார்கள். அப்போது 80.27, 13.08 என்ற சென்னையின் டிகிரிகள் அப்படியே மீட்டர்களாகிவிடும். தமிழ்நாடு முழுவதும் ஐந்தாறு மீட்டருக்குள் சுருங்கி, மாலத்தீவுக்குக் கிழக்கே நிலநடுக்கோட்டுக் கடலில் போய் விழும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது இபிஎஸ்ஜி 3857. கூகுள் வரைபடமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் திரையில் காட்டுவதற்குப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் அது. அலகு மீட்டர் என்றுதான் எழுதியிருக்கும், எச்சரிக்கையும் வராது. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அந்த ‘மீட்டர்’ குறைந்துகொண்டே போகும். அதில் போட்ட 500 சென்னையில் 487 மீட்டர், டெல்லியில் 439, லண்டனில் 311.

தமிழ்நாட்டுக்கு யூடிஎம் எடுத்தால் போதும். 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் ஊரை ஒட்டியே போகிறது. அதற்குக் கிழக்கே 44-ஆம் மண்டலம், இபிஎஸ்ஜி 32644. மேற்கே 43, இபிஎஸ்ஜி 32643. சென்னையும் மதுரையும் 44-இல், கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் 43-இல். மாநிலம் முழுவதையும் ஒரே லேயராக வைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். 44-இலேயே வைத்துக்கொண்டாலும் கோவையில் 500 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் பிசகும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது அடுத்தது.

எங்கிருந்து 500? தீர்ப்பு சொல்வது வெளி ஓரம். நம் கையில் இருப்பது சாலையின் நடுக்கோடு. நான்கு வழிச்சாலை, கூடவே சர்வீஸ் ரோடு என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 20 மீட்டர் சாதாரணமாக வந்துவிடும். ஆகவே கோட்டிலிருந்து 520 போட வேண்டும், அல்லது முதலில் சாலையின் அகலத்தை ஒரு பரப்பாக வரைந்துகொண்டு அதிலிருந்து 500 போட வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. நடுவில் தடுப்பு உள்ள சாலை அங்கே இரண்டு தனிக்கோடுகளாக இருக்கும். சர்வீஸ் ரோடு மூன்றாவதாக, பெரும்பாலும் நெடுஞ்சாலை எண்ணே இல்லாமல் கிடக்கும். எண்ணை வைத்து வடிகட்டினால் அது கழன்று போகும். தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட சாலையே வரைபடத்தில் இருக்காது.

220 மீட்டர் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு பிசகு நடக்கும். சாலையை உள்ளாட்சி எல்லைகளில் வெட்டி, சின்ன ஊர்த் துண்டுகளுக்கு 220, மற்றவற்றுக்கு 500 என்று போடத்தான் கை போகும். ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பது கடை இருக்கும் ஊர், சாலை இருக்கும் ஊர் அல்ல. சாலை பெரிய ஊரிலும் கடை பக்கத்துச் சின்ன ஊரிலும் இருக்கலாம். எல்லாச் சாலைகளுக்கும் இரண்டு பஃபரும் போட்டுவிட்டு, அப்புறம் உள்ளாட்சி லேயரை வைத்து வெட்டிக்கொள்வதுதான் வழி.

மாவட்ட எல்லையில் வெட்டுவதும் அப்படித்தான், பஃபருக்குப் பிறகு. கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று சாலைகளை முதலிலேயே எல்லையில் கத்தரித்துவிட்டால், எல்லைக்கு 200 மீட்டர் வெளியே ஓடும் நெடுஞ்சாலை காணாமல் போகும். அதன் பஃபர் மட்டும் நம் மாவட்டத்துக்குள் நியாயமாக வந்திருக்க வேண்டியது.

ஒன்றின் மேல் ஒன்று விழும் பஃபர்களை ஒன்றாக உருக்கும் டிஸ்சால்வ் பெட்டியை டிக் செய்ய மறப்பது பலருக்கும் பழக்கம். சாலை லேயரில் ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலை நூறு மீட்டர் வீதம் பத்துத் துண்டாக இருக்கிறது என்று வையுங்கள். பத்துக்கும் தனித்தனியாக 500 மீட்டர் பஃபர் போட்டுப் பரப்பைக் கூட்டினால் 8.85 சதுர கிலோமீட்டர் வரும். உண்மையில் அது 1.79. ஏறக்குறைய ஐந்து மடங்கு! வரைபடத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். அதற்காக எப்போதும் டிஸ்சால்வ் செய்யலாமா என்றால், அதுவும் இல்லை. எந்தக் கடை எந்தச் சாலையால் அடிபடுகிறது என்று கேட்டால், ஒன்றாக உருக்கிய பஃபரிடம் பதில் இருக்காது.

அடுத்தது, வட்டம் வட்டமே அல்ல. க்யூஜிஐஎஸ் கால்வட்டத்தை ஐந்து நேர்கோடுகளால் வரைவதுதான் இயல்பிருப்பு. அதாவது புள்ளியைச் சுற்றி வருவது இருபது பக்க உருவம். முனைகள் 500 மீட்டரில் இருக்கும். பக்கத்தின் நடுவிலோ 493.8-தான். 496 மீட்டரில் உள்ள கடை தப்பித்துவிடும். அந்த ஐந்தை 25 ஆக்கினால் குறை கால் மீட்டராக இறங்கிவிடும்.

தூரம் என்றால் எந்தத் தூரம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பஃபர் காக்கை பறக்கும் தூரத்தை அளக்கிறது. 2017-இல் கேரளத்தின் வட பரவூரில் ஒரு பார் உரிமையாளர், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் நடைபாதை ஒன்றைச் சுவர் எழுப்பிக் கட்டினார். நடந்து போகும் தூரம் 500-ஐத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான். பஃபரில் அந்த பார் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. விதி வழித்தூரத்தைச் சொல்கிறது என்றால் அங்கே பஃபரைத் தொடவே கூடாது. சாலை வலையமைப்புப் பகுப்பாய்வு வேண்டும்.

கடை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால்கூட பஃபர் தேவையில்லை. ஒவ்வொரு கடைக்கும் பக்கத்துச் சாலை ஓரம் எத்தனை மீட்டர் என்று நேராகக் கணக்கிட்டு ஒரு பத்தியில் போட்டுக்கொள்ளலாம். போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவுகளுக்கான தரவுத்தளம்) வைத்திருப்பவர்களுக்குத் தூரத்தைக் கணக்கிட எஸ்டி_டிஸ்டன்ஸும், உள்ளேயா வெளியேயா என்று மட்டும் பார்க்க எஸ்டி_டிவிதினும் இருக்கின்றன. வேகமாகவும் ஓடும், இருபது பக்கப் பிரச்சினையும் வராது. அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினால் 480-க்கும் 520-க்கும் நடுவில் நாலைந்து கடைகள் நிற்கும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸே ஐந்து மீட்டர் அங்கே இங்கே காட்டும். அந்த நாலைந்துக்கு மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும்.