கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங்க் ஆகிறதா? ஃபார்மட் செய்யும் முன் இதையெல்லாம் பாருங்கள்

நாலு தடவை ஹேங்க் ஆனதும் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுக் கொடுங்க" என்று சொல்வது ரங்கூனில் பழக்கமாகிவிட்டது. சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி நிற்கும். இங்குள்ள வீடுகளில் கம்ப்யூட்டரை நிறுத்துவது பெரும்பாலும் கரண்ட், சூடு, சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் இந்த மூன்றில் ஒன்றுதான். ஃபார்மட் செய்தால் மூன்றும் அப்படியே இருக்கும்; பிள்ளைகளின் போட்டோவும் கோயில் கணக்கும்தான் அழிந்துபோகும்.

அடுத்த முறை நின்றதும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு ஏறி இறங்கினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி, வேலையும் தொடர்ந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரில்தான் கோளாறு. கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் 'டிர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால் ராம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), பவர் சப்ளை (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டு (எல்லா பாகமும் பொருந்தியிருக்கும் பலகை) பக்கம் சந்தேகப்படுங்கள். கேபினட் முகப்பிலுள்ள சின்ன டிஸ்க் விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் டிஸ்க். வேறு வழியில்லை என்றானபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

நின்ற நேரத்தையும் அப்போது நடந்ததையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கரண்ட் ஜெனரேட்டருக்கு மாறியபோதா, கேம் ஆடி அரைமணி கழித்தா, ஃபோல்டர் திறந்தபோதா? நாலைந்து வரி சேர்ந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

முதலில் டிஸ்க்

டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனால், அதைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். பின்னால் வரிசையில் நிற்கும் எல்லா வேலையும் அதுவரை காத்துக் கிடக்கும். மவுஸ் நகரும், எதைத் தொட்டாலும் திறக்காது என்ற நிலை வருவது இதனால்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதம் காட்டும்போதே படிக்கும் வேகம் சில நூறு கேபிதான் என்றால் சந்தேகம் பலமாகிறது. அடுத்து, விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். 7, 129, 153 என்ற எண்ணுள்ள டிஸ்க் எச்சரிக்கைகள் நின்ற நேரத்தோடு பொருந்தினால் அதுவே சாட்சி.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 வரிகளின் கடைசிக் கட்டம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போகிற டிஸ்க்கை நம்பாதீர்கள். சி7 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். அது பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எல்லோரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். சாகப் போகிற டிஸ்க்கில் முதல் வேலையாக செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் உழுது, இருக்கிற உயிரையும் வாங்கிவிடும். முதலில் பிரதி எடுங்கள்: ஆவணங்கள், பிறகு போட்டோ, சினிமா எல்லாம் கடைசியில். அதன்பின் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று போட்டால் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரும் புதிதுபோல் ஓடும்.

கரண்ட்

நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். மாலையில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது அது எவ்வளவு இறங்குகிறது என்பதை ஸ்டெபிலைசர் முள்ளே காட்டும். மலிவான பவர் சப்ளைக்கு அந்த இறக்கத்தைத் தாங்கத் தெம்பு இருக்காது. உள்ளே 12 வோல்ட் தள்ளாடும், கம்ப்யூட்டர் நிற்கும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தில் 12 வோல்ட் வரி 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும், 5 வோல்ட் வரி 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். பயாஸ் கணக்கு கொஞ்சம் பிசகும். மல்டிமீட்டர் இருந்தால் நான்கு முனை பிளக்கில் மஞ்சள், கறுப்பு கம்பிகளுக்கு நடுவே வைத்து அளப்பதுதான் நிச்சயம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

ஸ்டெபிலைசர் ஏற்ற இறக்கத்தைத்தான் சமாளிக்கும். 'டக்' என்று ரிலே மாறும் அந்தக் கணத்தில் கரண்ட் விட்டுப்போவதைத் தடுக்காது, அதற்கு யூபிஎஸ் வேண்டும். கரண்ட் திரும்பி, தெருவில் பிள்ளைகள் "மீ லாபி" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தியதும் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும் நேரம் அது. ஐந்து நிமிடம் விடுங்கள். லேப்டாப் என்றால் சோதனை சுலபம்: அடாப்டரைக் கழற்றி ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போது நிற்கவில்லை என்றால் அடாப்டரையும் வீட்டுக் கரண்டையும் கவனியுங்கள்.

சூடும் ஈரமும்

சித்திரை வெயிலில், தண்ணீர்த் திருவிழா நாட்களில், அறையே 38 டிகிரிக்குப் போகும். அளவு மீறிச் சூடாகும் கம்ப்யூட்டர் முதலில் மந்தமாகும், பிறகு தானாக அணையும். வெறுமனே உறைந்து நிற்பது குறைவு, ஆனால் உண்டு. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பிராசஸர் 90 டிகிரிக்கு மேலேயே நின்றால் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தி, வராந்தாவுக்குக் கொண்டுபோய் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விட்டால் ஃபேன் கெடும். பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும், அதை இடுக்கியால் எடுத்தால் முழுசாகவே வரும். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து அந்தத் தூசி பிசுபிசுத்துப் போயிருக்கும். மேசையை நகர்த்துவதே மருந்து. இன்டெல் கூலரின் நான்கு காலில் ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறும், ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். கூலரைக் கழற்றினால் பிராசஸர்மேல் பூசியிருக்கும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது வையுங்கள்.

மழைக்காலத்தில் ராம் முனைகளில் ஈரம் ஏறி மங்கும். கழற்றி, பொன்னிற முனையை மிருதுவான வெள்ளை ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்து, 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினால் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏதோ கோளாறு உண்டு; ராமை வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டும் பிழை வந்தால் அந்த ராமைத் தள்ளிவிடுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா

டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச சிஸ்டம்) ஏற்றி அதிலிருந்தே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் விண்டோஸ்மீதும் டிஸ்க்மீதும் பழியில்லை; பவர் சப்ளையையோ ராமையோ தெரிந்தவரிடம் கடன் வாங்கி மாற்றிப் பாருங்கள். நிற்கவில்லை, டிஸ்க்கும் நல்லது என்றால் அப்போதுதான் விண்டோஸின் முறை. இரண்டு ஆண்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், லைசென்ஸ் உடைக்கும் ஆக்டிவேட்டர் எதுவும் இருந்தால் அதையும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் மாற்றியும் நின்றால் மதர்போர்டு. பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடைக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதிய தாளைக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.