மிட்ஃபீல்டுக்கு மாறியவரை எடைபோடும்போது ரசிகர்கள் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலிய ஃபூட்டியில் (பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஆடும் அந்த நாட்டுக் கால்பந்து) சீசன் தொடங்கும் முன்பே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இந்த வருஷம் அவரை மிட்ஃபீல்டில் இறக்கப் போகிறார்களாம்." கோல் அடித்துக்கொண்டிருந்த ஃபார்வர்டாக இருக்கலாம், தற்காப்பில் நின்று பந்தை வெளியே கொண்டுவந்த ஹாஃப் பேக்காக இருக்கலாம். முதல் ஆட்டம் முடிந்ததும் தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு, அதுவும் தப்பான எண்ணை வைத்துச் சொன்னது.

அந்தத் தப்பான எண் டிஸ்போசல். காலால் உதைத்ததையும் கையால் குத்திக் கொடுத்ததையும் சேர்த்துக் கூட்டும் கணக்கு அது. மிட்ஃபீல்டில் நிற்பவர் எப்போதும் பந்துக்குப் பக்கத்தில் இருப்பதால் யாரை அங்கே நிறுத்தினாலும் இந்த எண் ஏறும். ஃபார்வர்டாக 14 எடுத்தவர் மிட்ஃபீல்டில் 24 எடுத்தால் அது முன்னேற்றம் ஆகிவிடாது. அந்தப் பத்தில் எத்தனை நெரிசலுக்குள் கைவிட்டுப் பிடுங்கியது, எத்தனை யாரும் நெருங்காத இடத்தில் நின்று வாங்கிக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிடுங்கிய பந்தைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பினாரா என்பதைச் சொல்லும் 'கிளியரன்ஸ்' எண்ணும் ஓரளவு உதவும். ஆனால் புதிதாக மாறியவரைப் பற்றி எந்த எண்ணையும்விட அதிகம் சொல்வது, பந்து அவரிடம் இல்லாத நேரம்தான்.

அடுத்த ஆட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது பந்தைத் தட்டிவிட எழும்பும் உயரமானவர்கள்தான் ரக்மேன்கள். இரண்டு ரக்மேன்களும் பந்துக்காக எழும்பும் நொடியில் பந்தை விட்டுவிட்டு உங்கள் ஆளைப் பாருங்கள். முன்களத்திலேயே வளர்ந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு: நம் பக்கம்தான் பந்து வரும் என்று நம்பி, கோலை நோக்கி ஓரடி முன்னால் போய்விடுவார். பந்து வந்தால் அருமை. எதிரணிக்குப் போனாலோ, அவர் காக்க வேண்டிய ஆள் அவருக்குப் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். தேர்ந்த மிட்ஃபீல்டர் தன் ஆளுக்கும் தான் காக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பார், தோளால் அவரைத் தொட்டுக்கொண்டே இருப்பார். பந்து கைமாறியதும் திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா என்பது அடுத்த கேள்வி. சிக்கல் என்னவென்றால், டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். இந்த ஓட்டம் திரையில் வராது. மைதானத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இது தெரியும். டிவியில் மட்டும் பார்த்துவிட்டுத் தற்காப்பைப் பற்றி அடித்துப் பேசுபவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

அப்புறம், 'மாறிவிட்டார்' என்ற செய்தியையே அப்படியே நம்புவது. எவ்வளவு மாறினார் என்று பாருங்கள். நான்கு காலாட்டங்களில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுச்சதுரத்தில் தொடங்கும். அங்கே ஓர் அணிக்கு நான்கு பேர் மட்டுமே நிற்கலாம்: ஒரு ரக்மேன், மூன்று மிட்ஃபீல்டர்கள். இரு அணியும் சேர்ந்து 24 கோல் அடித்த ஆட்டம் என்றால் 28 தொடக்கங்கள். அதில் உங்கள் ஆள் 22 முறை உள்ளே நின்றால் அவர் மிட்ஃபீல்டர். 6 முறை நின்றால், அவர் ஃபார்வர்டுதான். மற்றவர்கள் மூச்சு வாங்க எடுத்துக்கொண்ட இடைவெளியை நிரப்பியிருக்கிறார், அவ்வளவே. ஆறு முறை நின்றவரை 22 முறை நிற்பவரோடு ஒப்பிட்டுத் திட்டுவது நியாயமில்லை.

பயிற்சியாளரின் மேதைமைக்கோ முட்டாள்தனத்துக்கோ முழுக் கணக்கையும் எழுதிவிடுவதும் வழக்கம். சிட்னி ஸ்வான்ஸின் ஐசக் ஹீனியை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் பெரும்பாலும் முன்களத்தில் ஆடியவர், 2024 தொடக்கத்தில் மிட்ஃபீல்டில் முழுமூச்சாக இறங்கினார். அந்த நேரத்தில் அதே அணியின் மிட்ஃபீல்டர் கேலம் மில்ஸ் தோள் காயத்தால் வெளியே. இன்னொரு மிட்ஃபீல்டர் லூக் பார்க்கரும் களத்தில் இல்லை. ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துதான் கதவைத் திறந்தது. ஹீனி அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார், அணி கிராண்ட் ஃபைனல் வரை போனது. ஆகவே ஒரு மாற்றத்தை எடைபோடும்போது அவரை மட்டும் பார்த்தால் போதாது. அவர் விட்டு வந்த இடத்தில் இப்போது யார் நிற்கிறார்? அங்கிருந்து வந்துகொண்டிருந்த கோல்கள் வேறு எங்கிருந்தாவது வருகின்றனவா? மிட்ஃபீல்டில் நன்றாக ஆடும் ஒருவரால் முன்களம் வறண்டுபோனால் அணிக்கு லாபமா என்பது தனிக் கணக்கு. அவருடைய கோல் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் காட்டி "சரிந்துவிட்டார்" என்பது, அதே கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

எதிரணி அவரோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதை விட்டுவிடுவது இன்னொரு தவறு. காலிங்வுட்டின் நிக் டேகோஸ் 2022-ல் ஹாஃப் பேக்காக வந்து, சீசனின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினார். 2023-ல் மிட்ஃபீல்டுக்கு நகர்ந்தார். அந்த வருடம் 21-ஆம் சுற்றில் ஹாதார்ன் அணி ஃபின் மெகின்னஸை அவருக்கு நிழலாக ஒட்டவைத்தது. டேகோஸுக்குக் கிடைத்தது வெறும் 5 டிஸ்போசல். போதாக்குறைக்கு அதே ஆட்டத்தில் முழங்காலில் எலும்பு முறிவு. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மோசமான ஆட்டம். ஆனால் ஒருவரை அடக்குவதற்கென்றே ஓர் ஆளை எதிரணி செலவழிக்கிறது என்றால், அவர் மிட்ஃபீல்டராகிவிட்டார் என்று எதிரணிப் பயிற்சியாளரே ஒப்புக்கொண்டாயிற்று.

காலக்கெடு விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். மூன்று ஆட்டத்தில் முடிவு கட்டுவது ஒன்று. ஓர் அணிக்கு 75 மாற்றீடுகளுக்கு மேல் அனுமதி இல்லாத ஆட்டத்தில், மிட்ஃபீல்டர் நினைத்தபோதெல்லாம் பெஞ்சுக்குப் போய் உட்கார முடியாது. கடைசிக் காலாட்டத்தில் கால் தளராமல் இருக்க உடம்பு பழக வேண்டும். முதல் மாதத்தில் மூன்றாம் காலாட்டத்துக்குப் பின் காணாமல் போகிறார் என்றால், அது திறமைக் குறையாக இல்லாமல் மூச்சுக் குறையாக இருக்கலாம். வருடக்கணக்கில் மாற்றாததைப் பார்த்து "இனி ஆகாது" என்பது இன்னொன்று. மில்ஸ் 2016-ல் தற்காப்பில் ஆடித்தான் ரைசிங் ஸ்டார் ஆனார். மிட்ஃபீல்டுக்கு நிலையாக வந்தது 2021-ல். அப்போது மெல்பர்னுக்கு ஆடிய கிறிஸ்டியன் பெட்ராக்காவும் முதல் சில சீசன்களில் பெரும்பாலும் ஹாஃப் ஃபார்வர்டுதான். 2020-ல் மிட்ஃபீல்டில் நிலைத்தார், அந்த வருடமே, சீசனின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் முதல்முறையாக இடம். அடுத்த வருடம் பெர்த்தில் நடந்த கிராண்ட் ஃபைனலில் 39 டிஸ்போசல், 2 கோல், கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம். மெல்பர்னுக்கு 57 வருடங்களுக்குப் பிறகு கோப்பை.

சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்துக்கு விழும் ஓட்டுகளைச் சாட்சிக்குக் கூப்பிடுவதை நான் அடியோடு நிறுத்தச் சொல்வேன். ஓட்டுப் போடுவது கள நடுவர்கள். அவர்கள் நிற்பது பந்துக்குப் பக்கத்தில். அங்கே கண்ணில் படுவது மிட்ஃபீல்டர்கள். இடம் மாறியதாலேயே ஓட்டு கூடும். போதாததற்கு, தடை வாங்கியவர் பதக்கத்துக்குத் தகுதி இழப்பார். 2024-ல் ஹீனிக்கு ஒரே ஓர் ஆட்டத் தடையால் அதுதான் நடந்தது.

மறுபடியும் முன்களத்தில் நிற்கக் கண்டதும் "பரிசோதனை தோற்றது" என்று அறிவிப்பவர்களும் உண்டு. ரிச்மண்டின் டஸ்டின் மார்ட்டின் 2017-ல் மிட்ஃபீல்டராக 36 ஓட்டுகளோடு பிரௌன்லோ வாங்கினார். 2020 கிராண்ட் ஃபைனலில் 4 கோல் அடித்து மூன்றாவது நார்ம் ஸ்மித் பதக்கத்தை எடுத்துக்கொண்டார். அவரை எந்த இடத்தில் இறக்கப் போகிறார்கள் என்று எதிரணிக்குத் தெரியாமல் வைத்திருந்ததுதான் ரிச்மண்டின் பலமே.